வௌவால் மூளையும் பொட்டு வச்ச ஜாடிகளும்

"மூளையச் சீவுற வேலையா? ஆத்தாடி!"

என் மகளைப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா நெஞ்சுல கை வச்சுக்கிட்டாக. ஆமா, வௌவால் மூளையைத்தான் சீவுனேன். சீவித்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சேன், சின்னமனூர்ல வீடு கட்டுனேன். என் பேரு பேச்சியம்மா. போன வருசம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் தேனிப் பக்கத்துல ஒரு கல்லூரியோட நரம்பியல் ஆராய்ச்சிக்கூடத்துல தொழில்நுட்ப அலுவலரா இருந்தேன்.

இப்ப அங்கன ஒரு மெசின் வாங்கியிருக்காங்களாம். சிலைடை உள்ள வச்சுப் பட்டனை அமுக்குனாப் போதும், கழுவுறது, நிறம் ஏத்துறது, மறுபடி கழுவுறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடுமாம். அதைச் சொல்ல வந்த பிள்ளைக, "அக்கா, நீங்க கையில செஞ்சதையெல்லாம் ஒரு கட்டுரையா எழுதித் தாங்க, ஆண்டு மலர்ல போடுறோம்"னு கேட்டாங்க. மெசின் வந்ததும் என் நெனப்பு வந்துருச்சாக்கும்னு கேட்டேன். சிரிக்கிறாங்க. சரி, எழுதச் சொன்னா வஞ்சனையில்லாம எழுதுவேன். நீளமா இருந்தா உங்க தலையெழுத்து.

வேலை பழகுன காலத்தைப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. மதுரையில விலங்கியல் முடிச்சேன், வந்து சேந்தேன், பிளேடுல விரலை வெட்டிக்கிட்டேன், பாத்ரூம்ல போயி அழுதேன், கத்துக்கிட்டேன். அம்புட்டுத்தான்.

நாங்க என்ன பாத்தோம்னு முதல்ல சொல்லிருறேன். நரம்புச் செல்லு ஒவ்வொண்ணையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அந்தச் சவ்வுல கொழுப்பு இருக்கு. அதுல சில கொழுப்புக்கு மட்டும் வெளிப்பக்கமா ஒரு சர்க்கரைக் கொத்து நீட்டிக்கிட்டு நிக்கும். நாங்க அதைச் சர்க்கரைக் கொழுப்புன்னே சொல்லிக்கிடுவோம். "உனக்கு இருக்கிற கொழுப்புக்கு ஏத்த வேலைதான்"ம்பாரு எங்க வீட்டுக்காரரு. ஒரு செல்லு இன்னொரு செல்லை அடையாளம் கண்டுக்கிடறதுலயும் சேதி வாங்குறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. மூளையில எந்த இடத்துல அது அடர்த்தியா இருக்கு, எந்த இடத்துல சொற்பமா இருக்குன்னு பாத்துப் படம் போடுறதுதான் எங்க வேலை.

அதுக்கு எதுக்கு வௌவாலுன்னு கேப்பீங்க. பூச்சி திங்கிற வௌவால் இருட்டுல சத்தத்தை வச்சே வழி கண்டுபிடிக்குது. பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பொழைக்குது. ரெண்டும் வௌவால்தான், பொழப்பு வேற. பொழப்பு வேறயா இருந்தா மூளையில இந்தக் கொழுப்பு பரவியிருக்கிற விதமும் வேறயா இருக்குமா? கேள்வி அதுதான். கேக்கச் சின்னதா இருக்கும். வருசக்கணக்கா எங்க உசுரை வாங்குன கேள்வி.

கேள்வியைக் கேட்டவுக வேலுச்சாமி சார், எங்க துறைத்தலைவரு. உத்தமபாளையத்துக்காரவுக. ஆளு ஒல்லியா, சட்டைப் பையில எப்பவும் ஒரு கைக்குட்டையோட இருப்பாக. யாரையும் வா போன்னு பேச மாட்டாக. கூட்டிப் பெருக்குறவுகள்ல இருந்து கல்லூரி முதல்வர் வரைக்கும் எல்லாரும் "வாங்க"தான். வௌவாலையே "அவுக"ன்னுதான் சொல்லுவாக. "நேத்து மேகமலையில இருந்து வந்தாகளே, அவுக தண்ணி குடிச்சாகளா?" புதுசா வந்த பிள்ளைக யாரோ விருந்தாளி வந்திருக்காகன்னு நெனச்சு எட்டிப் பாக்கும்.

அவுககிட்ட இன்னொரு பழக்கம் இருந்துச்சு. ஒருநாளும் "தப்பு"ன்னு சொல்ல மாட்டாக. கண்ணாடியக் கழட்டி, கைக்குட்டையில மெதுவாத் துடைச்சுக்கிட்டே, "இன்னொருக்கா பாப்போமா?"ம்பாக. அடப் பாவி மனுசா! அந்த "இன்னொருக்கா"ன்னா என்ன அர்த்தம் தெரியுமா? புதுசா வௌவால் பிடிக்கணும், மூளைய எடுக்கணும், உறைய வைக்கணும், சீவணும், நிறம் ஏத்தணும். ஒரு வாரம் போயிரும். ஆனா அந்த மனுசன் கேட்டா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வந்ததில்ல.

பூச்சி வௌவாலுக்கு மேகமலைக்குப் போவோம். எஸ்டேட்ல சாமான் போட்டு வைக்கிற பழைய கிட்டங்கி ஒண்ணு பாழாக் கிடந்துச்சு, அதுல தொங்குவாக. பிடிச்சு, துணிப்பையில போட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வர்றதுக்குள்ள நம்ம இடுப்பு கழண்டுரும். பழந்தின்னிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துல பந்தலுக்கு மேல வலை கட்டியிருப்பாக, அதுல வந்து மாட்டிக்கிடும். தோட்டக்காரவுக போன் போடுவாக: "மேடம், உங்காளு ஒருத்தரு வலையில தொங்குறாரு, வந்து கூட்டிட்டுப் போங்க." ரெண்டுக்குமே வனத்துறை அனுமதி வேணும். அது கைக்கு வராம ஒண்ணைக்கூடத் தொட சார் விட மாட்டாக.

மயக்கம் குடுத்து, வலி தெரியாம முடிச்சு, மூளைய எடுப்போம். எடுத்த உடனே உறைய வைக்கணும், தாமதிச்சா உள்ள இருக்கிற கொழுப்பு சிதைய ஆரம்பிச்சுரும். உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேணும். அது எங்கருந்து வரும்னு நெனக்கிறீங்க? மாட்டு ஆஸ்பத்திரியில இருந்து. சினை ஊசி போடுறதுக்கு வச்சிருப்பாகள்ல, அதுல கொஞ்சம் வாங்கிட்டு வருவோம். பசுமாட்டு வயித்துக்கும் வௌவால் மூளைக்கும் ஒரே கேன்.

அடுத்து என் ராச்சியம். சீவுற மெசின் ஒரு குளிர்ப்பெட்டி, உள்ள பிளேடு இருக்கும். உறைஞ்ச மூளைய ஒரு சின்னப் பீடத்துல ஒட்டி, சக்கரத்தைச் சுத்தச் சுத்த, பூண்டுத் தோலு மாதிரி சீவல் விழும். குளிரு கூடிருச்சுன்னா நொறுங்கும். கொறைஞ்சுருச்சுன்னா கொழகொழன்னு பிளேடுல ஒட்டிக்கிடும். நொறுங்கும்போது நான் உறை போட்ட கட்டைவிரலை அந்த மூளை மேல ஒரு நொடி வச்சு எடுப்பேன். அந்தச் சூடு போதும், அடுத்த சீவல் நொறுங்காம வந்து விழும். எம்புட்டு நேரம் வைக்கணும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. சுருண்டு விழுறதைப் பிரஷ் முனையில நீவி விட்டு, கண்ணாடிச் சிலைடைக் கிட்டக் கொண்டு போனா, டபக்குனு ஒட்டிக்கிடும். ஓரம் கிழியாம, மடிப்பு விழாம ஒரு முழுச் சீவல் சிலைடுல உக்கார்றதைப் பாக்குறப்ப வர்ற சந்தோசம் இருக்கே, பிறந்த பிள்ளைய முதல்ல கையில வாங்குனப்ப எனக்கு அப்படி இருந்துச்சு. மிகையில்ல, நெசமாத்தான் சொல்றேன்.

நிறம் ஏத்துறதுக்கு ஒரு விசித்திரமான சாமான். காலராக் கிருமி கக்குற நஞ்சுல ஒரு பாதி விசம், இன்னொரு பாதி சாது. அந்தச் சாதுப் பாதி இந்தச் சர்க்கரைக் கொழுப்பைத் தேடிப் போயி ஒட்டிக்கிடும். அதோட வாலுல பச்சையா ஒளி விடுற சாயத்தைக் கட்டி விட்டுருவோம். இருட்டறையில மைக்ராஸ்கோப்புல பாத்தா, கொழுப்பு எங்கன இருக்கோ அங்கன பச்சையா மினுங்கும்.

இதுல ஒரே ஒரு சட்டம். சோப்பு கூடாது. மத்த வேலைகள்ல மருந்து உள்ள இறங்கணும்னு கழுவுற தண்ணியிலயே கொஞ்சம் சோப்புச் சரக்குச் சேப்பாக, அது எல்லா லேப்லயும் வழக்கம். எங்க வேலைக்கு அது எமன். சோப்பு கொழுப்பைக் கரைச்சுரும். எண்ணெய்ச் சட்டி விளக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான. நாங்க பாக்குறதே கொழுப்பு. அதனால சிலைடு கழுவுற ஜாடியை எல்லாம் வாங்குன புதுசுல ஆசிட்ல ஊற வச்சு எடுத்துருவோம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் குழாய்த் தண்ணியில நல்லா அலசி, காய்ச்சி வடிச்ச தண்ணியில முடிப்போம்.

இனி கயல் கதைக்கு வர்றேன். கடமலைக்குண்டுப் பிள்ளை. சார்கிட்ட ஆராய்ச்சி மாணவியாச் சேந்துச்சு. வெடுக்குனு பேசும், வேலையில சூட்டிகை. என்னை "அக்கா அக்கா"ன்னு ஒட்டிக்கிட்டே திரியும். இந்தப் பூச்சி வௌவால், பழந்தின்னி கேள்விய சார் அது கையிலதான் குடுத்தாக. பூச்சி வௌவாலை முதல்ல முடிச்சோம். மூளையில காது சேதி வந்து சேர்ற இடம் ஒண்ணு இருக்கு, அங்கன தகதகன்னு பச்சை. அப்புறந்தான் பழந்தின்னிக்கு அனுமதி வந்துச்சு. பாத்தா, அதே இடம் இருட்டு. ஒண்ணுமே இல்ல.

கயலு துள்ளுன துள்ளலைப் பாக்கணுமே! சத்தத்துல வாழுற வௌவாலுக்குக் காது நிலையத்துல கொழுப்பு இருக்கு, சத்தத்தை நம்பாத வௌவாலுக்கு இல்ல. இதைவிட அழகா ஒரு முடிவு யாருக்குக் கிடைக்கும்? சார் ஒரு பெரிய மாநாட்டுல பேசச் சம்மதிச்சுட்டாக. மதுரையில ஒரு கல்லூரி, இந்தக் கல்வியாண்டுக்குள்ள ஆய்வேட்டைச் சமர்ப்பிச்சா வேலை உனக்குத்தான்னு கயலுக்கு வாக்குக் குடுத்துருச்சு. அவுக அய்யா ஊர்ல போயி, "எம்மக காலேசு வாத்தியாரம்மா ஆகிட்டா"ன்னு சொல்லியே முடிச்சுட்டாரு.

என் கண்ணுல மட்டும் ரெண்டு சிலைடு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டும் பழந்தின்னி. ரெண்டுலயும் காது நிலையம் மினுங்குது. மத்த எல்லாம் இருட்டா இருக்கிறப்ப இது ரெண்டு மட்டும் ஏன் மினுங்கணும்? சார்கிட்ட காட்டுனேன். கண்ணாடியத் துடைச்சாக. "பேச்சியம்மா, நிறம் ஏத்துறப்ப இந்த ரெண்டும் கொஞ்ச நேரம் கூட ஊறிருச்சோ?"

எனக்குச் சுள்ளுனு ஏறிருச்சு. நான் வெட்டுன சீவல், நான் ஏத்துன நிறம். நேரம் கூடவாவது கொறையவாவது! வீட்டுக்கு வந்தும் புலம்பிக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக்காரரு விசயத்தைக் கேட்டுட்டு, "விடேன். அந்தப் புள்ள பொழைச்சுப் போகட்டும். ரெண்டு சிலைடுதான"ன்னாரு. "உங்க தறியில ரெண்டு இழை அறுந்தா விட்டுருவீகளா?"ன்னு கேட்டேன்.

மறுநாள் ஜாடியெல்லாத்தையும் மேசையில வரிசையா எடுத்து வச்சுக்கிட்டுப் பாத்தேன். எதுக்கு வச்சேன்னு எனக்கே தெரியாது. பாத்துக்கிட்டே இருந்தவளுக்குப் பகீர்னுச்சு. எல்லா ஜாடியிலயும் மூடி மேல சந்தனம், குங்குமப் பொட்டு. ஆயுத பூசைக்கு வச்சது, அழியாம அப்படியே இருக்கு. ஒரு ஜாடியில மட்டும் பொட்டு இல்ல. பூசையன்னைக்கு அதுல ஏதோ சோதனைச் சிலைடு ஊறிக்கிட்டு, பிரிட்ஜுக்குள்ள இருந்துச்சு. அதை யாரும் வெளிய எடுக்கல. அந்த மினுங்குற ரெண்டு சிலைடையும் ஜாடி பத்தாம நான் கழுவுனது அதுலதான்.

பூசைக்கு ஜாடி கழுவுனது யாருன்னு எனக்குத் தெரியும். கயல்தான். முந்துன நாள் சாயங்காலம் பூராம் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஒத்தையில நின்னு கழுவுச்சு. நான் அன்னைக்குப் பொரியும் பூவும் வாங்கத் தேனிக்குப் போயிட்டேன். "ஏ ஆத்தா, அன்னைக்கு எதை ஊத்திக் கழுவுன?"ன்னு கேட்டேன்.

"சோப்பு ஆயில்தான் அக்கா. சாமிக்கு முன்னாடி வைக்கிற சாமான், பளிச்சுன்னு இருக்க வேணாமா? அப்புறம் நல்லா அலசிட்டேன்."

அலசியிருக்கும், பொய் சொல்ற புள்ள இல்ல. ஆனா அந்த ஜாடிக்குள்ள சிலைடு நிக்கிறதுக்காகக் காடி காடியா, குறுகலாப் பள்ளம் வெட்டியிருக்கும். காடிக்குள்ள போன சோப்பு ஆயில் சாமானியத்துல வெளிய வராது. பூச்சி வௌவால் வேலையெல்லாம் பூசைக்கு முன்னாடி முடிஞ்சது. பழந்தின்னி எல்லாம் பூசைக்குப் பின்னாடி. அதுக்கப்புறம் ஐப்பசி மழையில மேகமலை ரோடு சரிஞ்சு, புதுசா ஒரு பூச்சி வௌவால்கூட வரல. வந்திருந்தா அதுவும் இருட்டாயிருக்கும், அப்பவே முழிச்சிருப்போம்.

நான் சொல்லச் சொல்ல கயலுக்கு முகம் வெளுத்துருச்சு. "அக்கா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"னு கேட்டுச்சு. ஆனாலும் அதைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயித்தான் சார் முன்னாடி நின்னேன்.

சார் எல்லாத்தையும் கேட்டாக. கைக்குட்டைய எடுக்கல. "ஒரே மூளை. அதுல அடுத்தடுத்து விழுற சீவலை எடுங்க. ஒண்ணு பொட்டு வச்ச ஜாடிக்கு, அடுத்தது புது ஜாடிக்கு. சிலைடுல எழுதுன பேரு மேல எல்லாம் காயிதத்தை ஒட்டிருங்க. பாக்குறது கயல்"னாக.

மிச்சமிருந்த பழந்தின்னி மூளை ஒண்ணை எடுத்துச் சீவுனேன். என் வாழ்க்கையில அப்படிச் சீவுனதில்ல. ஒரு மடிப்பு, ஒரு கீறல் விழல. இதுல என் சீவலைக் குத்தம் சொல்ல யாருக்கும் இடம் இருக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சீவுனேன்.

இருட்டறையில கயல் மைக்ராஸ்கோப்பு முன்னாடி உக்காந்துச்சு. எது எந்த ஜாடின்னு அதுக்குத் தெரியாது. நான் சிலைடை ஒவ்வொண்ணா மாத்துறேன், சார் பின்னாடி நிக்கிறாக. "இருக்கு" அப்படிங்குது. "இல்ல." "இல்ல." "இருக்கு." குரல் போகப் போக உள்ள போயிருச்சு. எது எதுன்னு தெரியாட்டியும் ரெண்டு ரகமாப் பிரியுறது அதுக்கே தெரிஞ்சுபோச்சு. நெனச்சிருந்தா ஒண்ணு ரெண்டை மாத்திச் சொல்லியிருக்கலாம். குழப்பி விட்டிருக்கலாம். அந்தப் புள்ள கண்ணு பாத்ததைத்தான் வாய் சொல்லுச்சு.

விளக்கைப் போட்டுக் காயிதத்தைப் பிரிச்சோம். "இல்ல"ன்னது பூராம் பொட்டு வச்ச ஜாடி. "இருக்கு"ன்னது பூராம் புது ஜாடி. ஒண்ணுகூடப் பிசகல. பழந்தின்னிக்கும் அந்த இடத்துல கொழுப்பு இருக்கு. எங்க சோப்புதான் அதை அடிச்சுட்டுப் போயிருக்கு.

கயல் என் மடியில விழுந்து அழுதுச்சு. சார் நாற்காலிய இழுத்துப் போட்டு அது பக்கத்துல உக்காந்தாக. "கயல், பூசையன்னைக்கு ஜாடியெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குன்னு சபாஷ் சொன்னது நாந்தான். சட்டம் போட்ட எனக்கே எதுல கழுவுனீங்கன்னு கேக்கத் தோணல"ன்னாக. அங்கனயே போனைப் போட்டு மாநாட்டுல பேச வரலைன்னு சொல்லிட்டாக. காரணம் கேட்டிருப்பாக போல. "எங்க முடிவு தப்பு"ன்னாக. அந்தச் சொல்லை அவுக வாயில இருந்து நான் கேட்டது அன்னைக்கு மட்டுந்தான்.

மதுரைக் கல்லூரி காத்திருக்கல. வேலை வேற ஆளுக்குப் போச்சு. கயல் ரெண்டு நாள் வரல. மூணாம் நாள் வந்து, பேக்கை வச்ச கையோட, "அக்கா, கம்பத்துல வலை எப்பக் கட்டுறாக?"ன்னு கேட்டுச்சு. அப்ப எனக்கு அந்தப் புள்ள மேல வந்த பெருமை, பெத்த பிள்ளைக மார்க்கு வாங்குனப்பக்கூட வந்ததில்ல. புது ஜாடி வாங்கி, எல்லா வேலையும் முதல்ல இருந்து. மேகமலை ரோடு சரியானதும் பூச்சி வௌவாலும் மறுபடி. கடைசியில வித்தியாசம் இருக்கத்தான் செஞ்சுச்சு, ஆனா நாங்க நெனச்ச இடத்துல இல்ல, மோப்பம் பிடிக்கிற பக்கத்துல இருந்துச்சு. பழந்தின்னிக்கு அங்கன அடர்த்தி.

ஆய்வேடு எழுதுறப்ப சார் ஒரு நிபந்தனை போட்டாக. தப்பான முடிவும் அது எப்படித் தப்பாச்சுங்கிறதும் முதல் அத்தியாயமா வரணும். கயலு மறுப்புச் சொல்லல. துறையில மத்தவுகதான் குதிச்சாக, "ஊரைக் கூட்டி நம்மளே சிரிக்க வைக்கணுமா?"ன்னு.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பெரிய நிறுவனத்துல இருந்து பேராசிரியர் ஒருத்தர் வந்திருந்தாக. இதே சர்க்கரைக் கொழுப்புல பேரு வாங்குனவுக. அறை நெறயக் கூட்டம். நான் கடைசி வரிசை. அவுக எடுத்த எடுப்புலயே முதல் அத்தியாயத்தை விரல்ல தட்டுனாக. "ஏம்மா, இதை விட்டுட்டே எழுதியிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

கயல் கொஞ்சங்கூடத் தயங்கல. "சார், ஆயுத பூசை வருசா வருசம் வருமே."

அறையே கொல்லுனு சிரிச்சுச்சு. அவுக மட்டும் சிரிக்கல. அந்தப் பக்கங்களை மறுபடி புரட்டுனாக. முகம் மாறிக்கிட்டே வந்துச்சு. "ஒரு நிமிசம்"னு எந்திரிச்சு வெளிய போனாக. என் நாற்காலி கதவோரத்துல. தாழ்வாரத்துல போன்ல பேசுறது எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

"நம்ம லேப்ல சிலைடு ஜாடியெல்லாம் எதுல கழுவுறீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ பதில் சொல்லுச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எப்ப இருந்து?"ன்னு கேட்டாக.

உள்ள வந்தவுக நாற்காலியில உக்காரல. மேசையச் சுத்தி நடந்து கயல்கிட்டப் போயி, கையப் பிடிச்சுக் குலுக்குனாக. வேற கேள்வியே கேக்கல.